விழாமலேயே வலிக்கும் மணிக்கட்டு: ஸ்கேட்போர்டு கேம் ஆடுகிறவர்களுக்கு

ஸ்கேட்போர்டு கேம் ஆடி மணிக்கட்டில் வலி என்று யாராவது வந்தால், எந்த கேம் என்றுதான் முதலில் கேட்பேன். எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அப்புறம். பிசியோதெரபிஸ்டுக்கு கேமின் பெயர் எதற்கு என்று சிலர் சிரிப்பார்கள். ஆனால் பெயரைச் சொன்னதுமே கட்டைவிரல் என்ன வேலை செய்திருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

1999இல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' வகை கேம்களில் ஒரு பட்டனைத் தட்டினால் ஆள் எகிறுவான், இன்னொன்றைத் தட்டினால் பலகை சுழலும். 2007இல் 'ஸ்கேட்' வந்தபோது பலகையின் வேலை கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் வலது ஸ்டிக்குக்கு மாறியது. கீழே இழுத்து மேலே சுண்டினால் ஆலி, அதாவது பலகையோடு எகிறுவது. அதற்குப் பின் வந்த 'ஸ்கேட்டர் எக்ஸ்எல்', 'செஷன்' போன்றவை இன்னும் ஒரு படி போய், இடது ஸ்டிக்கை இடது காலாகவும் வலது ஸ்டிக்கை வலது காலாகவும் ஆக்கிவிட்டன. 'செஷன்' கேமில் ஆலிக்குப் பின்காலின் ஸ்டிக்கைக் கீழே இழுத்துப் பிடித்து, முன்காலின் ஸ்டிக்கை மேலே சுண்ட வேண்டும். எகிறும்போதே பலகையைக் காலடியில் சுழற்றும் கிக்ஃப்ளிப் என்றால் முன்காலின் ஸ்டிக் பக்கவாட்டில் போக வேண்டும். நேரம் ஒரு துளி தப்பினாலும் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நிஜமான ஸ்கேட்டிங்கில் இருக்கும் கஷ்டம் இதிலும் இருக்கிறது என்பதுதான் ஆடுகிறவர்களுக்குப் பெருமை. அந்தப் பெருமை நியாயமானதும்கூட.

கையைப் பொறுத்தவரை விஷயம் வேறு. மற்ற பல கேம்களில் ஒரு ஸ்டிக் ஆளை நடத்தும், இன்னொன்று கேமராவைத் திருப்பும். இரண்டையும் பெரும்பாலும் மெதுவாகச் சாய்த்துத்தான் வைத்திருப்பார்கள். இங்கே கட்டைவிரல் மடங்கி, அழுத்திப் பிடித்து, சட்டென்று நிமிர வேண்டும். அப்படி நிமிர்த்தி வெளியே கொண்டுபோகும் இரண்டு தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்கள், கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் துருத்தி நிற்கும் எலும்பின் மேல், குறுகலான ஒரே உறைக்குள் ஓடுகின்றன; பைஜாமாவின் இடுப்பு மடிப்புக்குள் நாடா ஓடுவது போல. ஒரே அசைவு ஓயாமல் நடக்கும்போது அந்த உறை தடித்துவிடும். உள்ளே தசைநாண் வழுக்கிப் போக இடம் போதாது. உரசும், வலிக்கும்.

1895இல் சுவிட்சர்லாந்தின் அறுவை சிகிச்சை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வேன் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. கைக்குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்கும் தாய்மார்களுக்கு இது அடிக்கடி வரும். அதனால் ஆறு மாதக் குழந்தையோடு ஒரு பெண்ணும், ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிய ஒரு பையனும் அடுத்தடுத்த நாற்காலியில் ஒரே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்களுக்குப் பழகிய காட்சி. வீடியோ கேமுக்கும் இது புதிதல்ல. ஐந்து மணி நேரம் விடாமல் நின்டெண்டோ ஆடிக் கட்டைவிரல் தசைநாணில் வலி வந்த 35 வயதுப் பெண்ணைப் பற்றி 1990இலேயே 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு மருத்துவர் கடிதம் எழுதியிருக்கிறார்.

சரி, ஸ்டிக்கைச் சுண்டும் கேம்கள் வேறு இல்லையா? இருக்கின்றன. ஸ்கேட்போர்டு கேமில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பார்த்து. தெருவில் நிஜமாக ஸ்கேட் செய்கிறவர் ஒரு படிக்கட்டில் இருபது தடவை விழுந்தால், இருபது தடவையும் எழுந்து, பலகையைத் துரத்திப் பிடித்து, தூசி தட்டி, மேலே நடந்து வர வேண்டும். மூச்சு வாங்கும். பக்கத்தில் இருப்பவன் ஏதாவது சொல்வான். அந்த நடையில் தசைநாணுக்கு, அது தெரியாமலேயே, ஓய்வு கிடைக்கிறது. கேமில் அந்த நடை கிடையாது. தொடங்கிய இடத்தில் ஒரு குறி வைத்துவிட்டால், விழுந்த மறுநொடி ஒரு பட்டனில் அங்கேயே நிற்கலாம். மறுபடி இழுத்துச் சுண்டலாம். கஷ்டத்தை நிஜம் போலவே வைத்துவிட்டு, அந்தக் கஷ்டத்துக்கு நடுவே இருந்த இளைப்பாறலை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆளும் விடமாட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை என்று உட்கார்ந்து, ட்ரிக் சரியாக அமையும்வரை எழுந்திருக்கவே மாட்டார். அதற்குள் பிடி இறுகியிருக்கும், தோள் காதருகே ஏறியிருக்கும், விழ விழ எரிச்சலில் சுண்டும் வேகமும் கூடியிருக்கும். ஸ்டிக் எவ்வளவு பலமாகச் சுண்டினாலும் அதன் விளிம்போடு நின்றுவிடும்; மிச்சப் பலம் அப்படியே விரலில்தான் இறங்கும்.

கேமை நிறுத்து என்று நான் சொல்வதில்லை. சொன்னால் கேட்கவும் மாட்டார்கள். அடுத்த வாரம் வராமல் போய்விடுவார்கள், அவ்வளவுதான். எடுத்துவிட்ட அந்த நடையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறேன். நாலைந்து முறை விழுந்தால் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, கையைத் தளரத் தொங்கவிட்டு, நிஜத்தில் மேலே நடந்து வர ஆகும் நேரம் காத்திருங்கள். 'செஷன்' ஆடுகிறவர்கள் பலகையிலிருந்து இறங்கி நடந்தே தொடக்க இடத்துக்குப் போகலாம், கேமிலேயே அந்த வசதி இருக்கிறது. ஆடியதைத் திரும்பப் பார்க்கும் ரீப்ளே எடிட்டரில் விழுந்ததை மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பதும் நல்லது. எங்கே தப்பியது என்று தெரியும், சுண்டுகிற வேலைக்கும் இடைவெளி கிடைக்கும். படுத்துக்கொண்டு ஆடாதீர்கள். கன்ட்ரோலர் நெஞ்சின் மேல் இருக்கும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஏற்கெனவே குறுகலான உறையில் தசைநாண் வளைந்து இழுபடுவது அப்போதுதான்.

வலி வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? பெரும்பாலானவர்கள் கேம் ஆடும்போது வலிப்பதாகச் சொல்ல மாட்டார்கள். பாட்டில் மூடி திறக்கும்போது, ஈரத்துணி பிழியும்போது, சாவியைத் திருப்பும்போது சுருக்கென்கிறது என்பார்கள். நாங்கள் செய்யும் ஒரு சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கத்து எலும்பின் மேல் சுள்ளென்று வலித்தால் சந்தேகப்படலாம். கொஞ்சம் இழுப்பது போலத் தோன்றுவது நல்ல கைக்கும் உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். முக்கியமாக, சரியாகிவிட்டதா என்று தினமும் பத்துத் தடவை செய்து பார்க்காதீர்கள். புண்ணை நோண்டிக்கொண்டே ஆறவில்லை என்பவர்கள் நிறையப் பேர். ரப்பர் பந்தை அழுத்திப் பிசையும் பழக்கத்தையும் இந்த நேரத்தில் தள்ளி வையுங்கள். கைக்கு எது வந்தாலும் பந்தை வாங்கிப் பிசைவது என்ன மோகமோ தெரியவில்லை.

கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் என்ற பட்டை போட்டு, ஸ்டிக்கைத் தொடாமல் சில வாரங்கள் இருந்தாலே பலருக்கு அடங்கிவிடும். வெறும் மணிக்கட்டுப் பட்டி போதாது. கட்டைவிரல் சும்மா இருக்காது. அடங்காவிட்டால் மருத்துவர் அந்த உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார். அதிலும் கேட்காதவர்களுக்குத்தான் உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவை சிகிச்சை. வலியைவிட மரத்துப்போவது அதிகமாக இருந்தால், அதுவும் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரலில் என்றால், இது அந்தப் பிரச்சினையே அல்ல. மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமில் ட்ரிக்குகள் கைவந்த தைரியத்தில் நிஜப் பலகை வாங்கியவர்கள். எந்தக் கால் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். விழத்தான் தெரியாது. பலகை நழுவியதும் கையை நீட்டி ஊன்றுவார்கள். அங்கே உடைவது பெரும்பாலும் முன்கை எலும்பின் மணிக்கட்டு முனை. சில சமயம் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு.

இந்த ஸ்கேஃபாய்டுதான் ஏமாற்றும். கட்டைவிரலை நன்றாக நிமிர்த்தினால் அதன் அடியில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். இந்த எலும்பு முறிந்திருந்தால் அந்தக் குழியை அழுத்தும்போது வலிக்கும். கேம் ஆடி வரும் வலிக்கும் இதற்கும் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி. வீக்கமும் பெரிதாக இருக்காது. ஏற்கெனவே கட்டைவிரல் பக்கம் வலி இருந்த பையன், விழுந்த பிறகு வருவதையும் பழைய வலிதான் என்று எண்ணி ஸ்ப்ளின்ட்டை மாட்டிக்கொண்டு இருந்துவிடுவான். இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் ஒரு முனையிலிருந்தே பெரும்பாலும் வருவதால், கவனிக்காத முறிவு கூடாமலேயே போகலாம். உள்ளே ஒரு பகுதி செத்தும் போகலாம். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் உண்டு. அதனால் கை ஊன்றி விழுந்த பிறகு அந்தக் குழியில் வலி இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் கட்டுப்போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். வலி குறைந்துவிட்டது என்று அந்த இரண்டாவது எக்ஸ்ரேக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.