பெருவெடிப்பும் படைப்பும்: ஒரு பாதிரியார் வகுத்த எல்லை

1951 நவம்பர் 22 அன்று, வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் போப் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரை ஆற்றினார். இன்றைய அறிவியல் பல கோடி நூற்றாண்டுகளைக் கடந்து பின்னோக்கிச் சென்று, 'ஒளி உண்டாகட்டும்' என்ற அந்த முதல் கட்டளைக்கே சாட்சி சொல்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். இறைநம்பிக்கை உள்ளவர்களுக்கு இதைவிட இனிய செய்தி ஏது? ஆனால் அந்த உரையால் மனம் கலங்கிய ஒருவர் இருந்தார். அவரும் கத்தோலிக்கப் பாதிரியார்தான், அதே கழகத்தின் உறுப்பினரும்கூட. அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, அதிலிருந்தே அது விரிந்துவருகிறது என்ற, இன்று பெருவெடிப்பு எனப்படும் கொள்கையைத்தான் போப் சாட்சிக்கு அழைத்தார். அந்தக் கொள்கைக்கு வித்திட்டவரே இந்தப் பாதிரியார்தான். பெயர் ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியம் நாட்டவர்.

அவர் ஏன் கலங்கினார் என்பதைப் பார்க்கும் முன், அவர் கண்டது என்ன என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் நிறங்கள் விரிகின்றன. நுட்பமான கருவியால் பார்த்தால், அந்த நிறங்களுக்கு இடையே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை விழுங்குவதால் வரும் கோடுகள் அவை. கால்சியத்துக்கு ஊதா ஓரத்தில் இரட்டைக் கோடுகள் உண்டு: ஒன்று 393 நானோமீட்டரில், மற்றொன்று 397 நானோமீட்டரில். ஆய்வகத்தில் உள்ள கால்சியமானாலும் சூரியனில் உள்ள கால்சியமானாலும் அவற்றின் இடம் மாறாது. ஆனால் தொலைவில் உள்ள கேலக்ஸிகள் என்ற மாபெரும் நட்சத்திரத் திரள்களின் ஒளியில் அந்த இரட்டையர் தம் இடத்தில் இல்லை. ஜோடி கலையாமல், சிவப்புப் பக்கமாக நகர்ந்து நிற்கிறார்கள். 1912-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பொறுமையாக இந்தக் கோடுகளை அளந்த அமெரிக்க வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர், தாம் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இப்படிச் சிவப்பை நோக்கி நகர்ந்திருப்பதைக் கண்டார்.

ஏன் நகர்ந்தன? 1927-இல் லெமேத்ர் சொன்ன விடை இது: கேலக்ஸிகள் வெளியின் ஊடே ஓடவில்லை, அந்த வெளிதான் விரிகிறது. விரியும் வெளியில் பயணம் செய்யும் ஒளியலையும் வழியெல்லாம் இழுபட்டு நீள்கிறது. அலைநீளம் கூடினால் கோடுகள் சிவப்பை நோக்கித்தானே நகர வேண்டும். அண்டம் விரியலாம் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து ரஷ்யக் கணிதவியலாளர் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் 1922-லேயே காட்டியிருந்தார். அந்தக் கணக்கையும் வானத்தில் அளந்த எண்களையும் ஒன்றாக இணைத்தவர் லெமேத்ர். கட்டுரை பிரெஞ்சு மொழியில், அதிகம் பேர் படிக்காத ஓர் இதழில் வந்ததால் கவனம் பெறவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து எட்வின் ஹபிள் வெளியிட்ட அளவீடுகள்தான் உலகை உலுக்கின. தொலைவு கூடக்கூட கேலக்ஸிகள் விலகும் வேகமும் கூடும் என்ற விதிக்கு ஹபிள்–லெமேத்ர் விதி என்று பெயர் வைக்கச் சர்வதேச வானியல் சங்கம் பரிந்துரைத்தது 2018-இல்தான். எவ்வளவு தாமதமான நீதி!

'எல்லாம் நம்மை விட்டு விலகுகின்றன என்றால், நாம்தான் நடுவில் இருக்கிறோமா?' என்று கேட்கத் தோன்றும். ஓர் எலாஸ்டிக் பட்டையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பேனாவால் புள்ளி வைத்து, பட்டையை இரு மடங்காக இழுத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு புள்ளியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அடுத்த புள்ளி 1 சென்டிமீட்டரிலிருந்து 2-க்குப் போயிருக்கும். ஐந்தாவது புள்ளியோ 5-லிருந்து 10-க்குப் போயிருக்கும். அதே நேரத்தில் அது ஐந்து மடங்கு விலகியிருக்கிறது. தொலைவு கூடக்கூட வேகம் கூடும் என்ற விதி முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. எந்தப் புள்ளியில் உட்கார்ந்தாலும் இதே காட்சிதான். நடு என்று ஒன்று இல்லை.

இழுத்த பட்டையை மெல்லத் தளரவிட்டால் புள்ளிகள் நெருங்கும். அண்டத்தின் விரிவையும் அப்படிப் பின்னோக்கிச் சுருட்டினால், எல்லாப் பொருளும் ஆற்றலும் கற்பனைக்கு எட்டாத நெருக்கத்தில், கற்பனைக்கு எட்டாத வெப்பத்தில் இருந்த ஒரு நிலை வரும். இன்றைய அளவீடுகளின்படி அது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன். 1931-இல் லெமேத்ர் அதை 'ஆதி அணு' என்று அழைத்தார்.

பெருவெடிப்பு என்ற சொல் 1949-இல் பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் வானொலியில் சொன்னது. அவர் அந்தக் கொள்கையை எதிர்த்தவர். சொல் நிலைத்துவிட்டது, ஆனால் அது மனத்தில் எழுப்பும் படம் தவறானது. இருண்ட வெற்றிடத்தின் ஒரு மூலையில் ஏதோ வெடித்துச் சிதறவில்லை. எங்கும் இருந்த அடர்த்தி எங்கும் ஒருசேரத் தளர்ந்தது, அவ்வளவே. தொடக்கம் என்ற கருத்தின் பின்னாலேயே படைப்பாளர் என்ற கருத்தும் வருவதை ஹாயில் விரும்பவில்லை. அண்டம் விரிய விரியப் புதிய பொருள் சிறுகச் சிறுகத் தோன்றி இடைவெளியை நிரப்புகிறது, ஆகவே அதற்குத் தொடக்கமே இல்லை என்று 1948-இல் அவரும் இரு சகாக்களும் மாற்றுக் கொள்கை ஒன்றை முன்வைத்திருந்தார்கள். அதற்கு முன் ஐன்ஸ்டைனே 1927-இல் லெமேத்ரிடம், உங்கள் கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்ற பொருளில் சொன்னார். மாறாத அண்டம் என்ற எண்ணம் அவரிடம் அத்தனை ஆழமாக ஊறியிருந்தது. முன்முடிவு பக்தர்களுக்கு மட்டும் உரியதன்று.

வழக்கைத் தீர்த்தது ஓர் இரைச்சல். 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் கொம்பு வடிவ வானலை வாங்கி ஒன்றைக் கொண்டு வானை அளக்க முயன்றார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மெல்லிய இரைச்சல். பகலிலும் உண்டு, இரவிலும் உண்டு, பருவம் மாறினாலும் மாறவில்லை. கொம்புக்குள் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைத் தேய்த்துக் கழுவி, உலோக இணைப்புகளில் நாடா ஒட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அந்த நேரத்தில், அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பிரின்ஸ்டனில், ராபர்ட் டிக்கியின் குழு இதே இரைச்சலைத் தேடி ஒரு கருவியைக் கட்டிக்கொண்டிருந்தது!

அது அண்டத்தின் முதல் வெளிச்சம். முதல் 3,80,000 ஆண்டுகள் வரை அண்டம் கொதிக்கும் மூட்டமாக இருந்தது. வெப்ப மிகுதியால் எலெக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேர முடியாமல் அலைந்தன. ஒளி சிறிது தூரம் போவதற்குள் ஓர் எலெக்ட்ரானில் மோதித் திசை மாறியது. மூடுபனிக்குள் விளக்கொளி சிதறுவதைப் போல. வெப்பம் ஏறத்தாழ 3,000 கெல்வினுக்கு (வெப்பநிலையின் கீழ் எல்லையைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் அளவு இது) இறங்கியபோது எலெக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேர்ந்து அணுக்களாயின. மூட்டம் விலகியது, ஒளி தடையின்றிப் புறப்பட்டது. அன்று முதல் இன்று வரை வெளி சுமார் 1,100 மடங்கு நீண்டிருக்கிறது. கூடவே நீண்ட அந்த ஒளி இன்று கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாகிவிட்டது. அதன் வெப்பநிலை 2.7 கெல்வின். உங்கள் உள்ளங்கையைக் குவித்துப் பாருங்கள். அந்தக் குழிவில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும், எந்த நொடியிலும், அந்த ஆதி ஒளியின் துகள்களான ஃபோட்டான்கள் நானூறுக்கு மேல் இருக்கின்றன. இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்னொரு சாட்சி ஹீலியம். முதல் சில நிமிடங்களில், அணுக்கருக்கள் இணையத் தொடங்கிய வேளையில், ஒரு நியூட்ரானுக்கு ஏழு புரோட்டான்கள் என்ற விகிதம் இருந்ததாகக் கணக்குக் காட்டுகிறது. 2 நியூட்ரான், 14 புரோட்டான் என்று பதினாறு துகள்களை எடுத்துக்கொள்வோம். இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானும் சேர்ந்தால் ஒரு ஹீலியம். மீதிப் பன்னிரண்டும் ஹைட்ரஜன். பதினாறில் நான்கு, அதாவது எடையில் கால் பங்கு. நட்சத்திரங்கள் பின்னால் சமைத்தவற்றை ஒதுக்கிவிட்டு ஆதி வாயுவை அளந்தால், ஹீலியத்தின் பங்கும் அதை ஒட்டியே வருகிறது.

இனி மதங்கள். 'அண்டத்தின் தோற்றம் பற்றி மதம் என்ன சொல்கிறது?' என்று ஒருமையில் கேட்பதே பிழை. விவிலியத்தின் முதல் நூலில் இறைவன் சொல்லால் படைக்கிறார். ஒளி முதல் நாளில் வருகிறது, சூரியன் நான்காம் நாளில். வானங்களும் பூமியும் இணைந்திருந்தன, பிறகு பிரிக்கப்பட்டன என்கிறது குர்ஆன். புராணங்களில் பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள், பிறகு ஒடுக்கம், மீண்டும் தோற்றம் என்று சக்கரம் சுழல்கிறது. சமணத்தில் படைப்பவரே இல்லை, உலகம் என்றும் உள்ளது. உலகம் முடிவற்றதா என்று கேட்டவரிடம் புத்தர் விடை கூற மறுத்தார். நச்சம்பு தைத்தவன், எய்தவன் யார், எந்தக் குலம், வில் எந்த மரம் என்று தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் செத்துப்போவான் என்பது அவர் சொன்ன உவமை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள படைப்புப் பாடலோ இன்னும் துணிச்சலானது. இல்லாமையும் இல்லை, இருப்பும் இல்லை என்று தொடங்கி, இது எங்கிருந்து வந்தது என்பதை உச்சி வானிலிருந்து பார்ப்பவன் அறிவான், ஒருவேளை அவனும் அறியானோ என்று கேட்டு நிற்கிறது.

இத்தனை வேறுபட்ட குரல்களில் ஒன்றை மட்டும் பொறுக்கி, 'இதோ பெருவெடிப்பு' என்று காட்டும் வழக்கம் எல்லா மதத்தாரிடமும் இருக்கிறது. நம்மிடமும் இருக்கிறது. திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்கள் 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன' என்று பாடுகிறார். 'விரிந்தன' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அண்ட விரிவை அவர் அன்றே சொல்லிவிட்டார் என்கிறோம். அடுத்த வரியைப் படிக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் தூசுகள் மிதக்கின்றனவே, அத்தனை கோடி அண்டங்களும் இறைவன் முன் அந்தத் தூசுகள் போலச் சிறியவை என்கிறார் அவர். இது அளவீடு அன்று, வியப்பு. அந்தத் தூசியை விட்டுவிட்டு ஒரு வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது கவிதைக்கும் நியாயமில்லை, அறிவியலுக்கும் நியாயமில்லை.

லெமேத்ர் கலங்கியதும் இதனால்தான். ஆதி அணு ஒரு கருதுகோள். நாளை புதிய அளவீடு வந்து அதைத் திருத்தலாம், தள்ளியும் விடலாம். அதன்மேல் இறைநம்பிக்கையைக் கட்டினால், கருதுகோள் சரியும்போது நம்பிக்கையும் கூடச் சரியும். நம்பிக்கையைக் காக்கக் கருதுகோளைக் கட்டிப் பிடித்தால் அறிவியல் கெடும். ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகுஸ்தினார் இதே ஆபத்தை எச்சரித்திருந்தார். உலகம் காலத்துக்குள் படைக்கப்படவில்லை, காலத்தோடு சேர்ந்தே படைக்கப்பட்டது என்று சொன்னவரும் அவரே. 1952-இல் ரோமில் உலக வானியலாளர்கள் கூடியபோது போப் மீண்டும் உரையாற்றினார். அந்த ஒப்பீட்டை இம்முறை அவர் எடுக்கவில்லை. லெமேத்ர் தம் கருத்தைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆதி அணுக் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முழுக்க வெளியே நிற்கிறது, கடவுளை மறுப்பவருக்கும் அதில் தடையில்லை என்று 1958-இல் அறிஞர் அவையில் சொன்னார். நுண்ணலை ஒளி கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1966 ஜூனில், மருத்துவமனைப் படுக்கையில் அவருக்கு எட்டியது. அம்மாதம் 20-ஆம் தேதி காலமானார்.

பின்னோக்கிப் போகும் இந்தப் பயணத்தில், வினாடியின் நினைத்துப் பார்க்க முடியாத ஒரு சிறு பின்னத்தில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் கைவிரிக்கின்றன. 1-ஐத் தொடர்ந்து 43 பூஜ்யங்கள் இட்ட எண்ணால் ஒரு வினாடியை வகுத்தால் வருவது அந்த நேரம். அதற்கு அப்பால் போக, ஈர்ப்பையும் அணுவினும் சிறிய உலகை விளக்கும் குவாண்டம் இயற்பியலையும் ஒன்றாக்கும் ஒரு கொள்கை வேண்டும். அந்த வாசலில் 1931-லேயே லெமேத்ர் நின்றிருந்தார். அவ்வாண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்த அவருடைய சிறு கடிதம், தொடக்கத்தில் ஒரே ஒரு குவாண்டம், அதாவது ஒற்றை ஆற்றல் பொட்டலம்தான் இருந்தது என்றால் அங்கே இடம், காலம் என்ற சொற்களுக்கே பொருள் இராது, அது பலவாகப் பிரிந்த பிறகே அவற்றுக்குப் பொருள் வரும் என்கிறது.

அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் பிரதி கிடைத்திருக்கிறது. அதன் இறுதியில், இறைவன் மறைந்திருப்பவன் என்று நம்புகிறவர்கள், படைப்பை மூடும் ஒரு திரையை இன்றைய இயற்பியல் தருவது கண்டு மகிழலாம் என்ற கருத்தில் ஒரு பத்தி இருக்கிறது. பாதிரியாருக்கு அது எவ்வளவு பிடித்த வரியாக இருந்திருக்கும்! அனுப்பும் முன் அதன்மேல் கோடு இழுத்து அடித்துவிட்டார். அச்சில் வந்த கடிதம் இயற்பியலோடு முடிகிறது.