உறையின் மேல் ஒரு கையெழுத்து

அடுத்தவர் நிரப்பிய படிவங்களில் தவறு தேடுவதுதான் என் பிழைப்பு. வங்கிக் கடன் விண்ணப்பம், வாரிசு நியமனப் படிவம், கையெழுத்து அட்டை என்று எல்லாம் என் மேசைக்கு வரும். அந்த வேலையில் நான்கு வருடங்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கழிந்தன. விசாவில் இருந்தவனுக்கு அங்கே வாக்குரிமை இல்லை. வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

வேடிக்கைக்குக் குறைவில்லாத ஊர். 1984 அதிபர் தேர்தலில் ரீகன் 49 மாநிலங்களை அள்ளியபோது இது ஒன்றுதான் ஜனநாயகக் கட்சியின் வால்டர் மாண்டேலின் பக்கம் நின்றது, அதுவும் வெறும் 3,761 வாக்குகளில். 1976 முதல் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு யாரையும் அது தேர்ந்தெடுத்ததில்லை. சரி, இவர்களைக் கணிப்பது எளிது என்று நினைத்தால், 1998இல் இரண்டு பெரிய கட்சிகளையும் ஓரங்கட்டிவிட்டு முன்னாள் மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வென்சுராவை ஆளுநராக்கினார்கள். வாக்களிக்கும் நாளன்றே பெயரைப் பதிந்துகொள்ளும் வசதி அங்கே 1974 முதல் உண்டு. கடைசி நாளில் யார் வரிசையில் வந்து நிற்பார்கள் என்பதைக் கருத்துக்கணிப்பு எப்படிப் பிடிக்கும்?

ஆனால் நான் கண்ணால் பார்த்தது 2008 செனட் தேர்தலை. குடியரசுக் கட்சியின் நார்ம் கோல்மனும் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நகைச்சுவையாளர் அல் ஃப்ராங்கெனும் மோதினார்கள். பதிவானவை சுமார் 29 லட்சம் வாக்குகள். முதல் கணக்கில் கோல்மன் 215 வாக்கு முன்னிலை. கையால் மறுபடி எண்ணி, முதலில் தவறாக நிராகரித்த அஞ்சல் வாக்குகளையும் சேர்த்தபோது ஃப்ராங்கென் 225 முன்னிலை. சர்ச்சைக்குரிய வாக்குச்சீட்டுகளின் படங்களை அங்குள்ள வானொலி நிலையம் இணையத்தில் போட்டது. மதிய உணவு வேளையில் நாங்கள் கூடி நின்று தீர்ப்புச் சொல்வோம். ஒருவர் ஃப்ராங்கெனுக்கு எதிரே முட்டை வடிவக் கட்டத்தை ஒழுங்காகக் கறுத்துவிட்டு, கீழே வேறு பெயர் எழுதும் கோட்டில் 'பல்லி மனிதர்கள்' என்று எழுதியிருந்தார். அது செல்லாது என்று முடிவானது. எனக்கு இன்றும் அதில் உடன்பாடில்லை.

சிரிப்பு அடங்கியது அஞ்சல் வாக்கு உறைகளின் கதையில். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். குளிருக்குப் பயந்து அக்டோபரிலேயே அரிசோனாவுக்குப் போய்விடுவார். அங்கிருந்து அனுப்பிய அவருடைய வாக்கு எண்ணப்படவில்லை. உறையின் மேல் சாட்சிக் கையெழுத்து போட்டவர் அவருடைய தங்கை. அன்றைய விதிப்படி சாட்சி மினசோட்டாவில் பதிவுபெற்ற வாக்காளராகவோ நோட்டரியாகவோ இருக்க வேண்டும். தங்கை அரிசோனாக்காரர். "நாற்பது வருடம் பிள்ளைகளின் தேர்வுத்தாளைத் திருத்தியவள் நான்" என்று அவர் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து நொந்துகொண்டார்.

என் அனுபவத்தில் படிவத்தின் உள்ளே பிழை குறைவு. உள்ளே இருப்பதை மூன்று முறை படிக்கிறவர்கள், கையெழுத்து, தேதி, சாட்சி என்று வரும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே முடித்துவிடுகிறார்கள். அந்தத் தேர்தலில் தவறாக நிராகரிக்கப்பட்ட 933 உறைகளை 2009 ஜனவரியில் பிரித்தார்கள்; அந்த 225 இவற்றையும் சேர்த்துத்தான். ஏப்ரலில் நீதிமன்றம் இன்னும் 351 உறைகளைப் பிரிக்கச் சொன்னது. வித்தியாசம் 312 ஆனது. ஃப்ராங்கென் பதவியேற்கும்போது ஜூலை வந்துவிட்டது.

அங்கே குடியுரிமை பெற்ற நம்மவர்களிடம் நான் சொல்வது இதுதான்: உறையை ஒட்டியதும் அனுப்பாதீர்கள், ஒரு இரவு மேசையில் கிடக்கட்டும். காலையில் அதன் வெளிப்பக்கத்தை மட்டும் படியுங்கள். முன்கூட்டியே அனுப்பினால், தவறு இருந்தாலும் திருத்த நேரம் கிடைக்கும். உங்கள் உறை ஏற்கப்பட்டதா என்பதை இணையத்திலேயே பார்க்கலாம்.

2024இல் ஷாக்கபீ பகுதியின் மாநில அவைத் தொகுதியில் வித்தியாசம் 14 வாக்கு. எண்ணப்படாமலே காணாமல்போன வாக்குச்சீட்டுகள் 20. வழக்கு முடிந்து ஜனநாயகக் கட்சிக்காரரின் வெற்றி நிலைத்தது, அவையில் இரு கட்சிகளும் 67க்கு 67 என்று நின்றன. செய்தியைப் படித்ததும் ஆசிரியையின் நினைவுதான் வந்தது. 2010இல் அரிசோனாவுக்குக் கிளம்பும் முன்பே அவர் தன் உறையுடன் வந்து என் கதவைத் தட்டியிருந்தார். சாட்சி போட எனக்குத் தகுதியில்லை என்றேன். "தெரியும், நீ சரிபார்த்தால் போதும்" என்றார்.