ஸ்வே பார்: தடுப்பது ஆட்டத்தையா, சாய்வையா?

ஸ்வே பார் என்று தமிழில் எழுதிப் பார்த்தால், சிங்கப்பூரின் கிளார்க் கீயில் புதிதாகத் திறந்த மதுக்கூடமோ என்றுதான் தோன்றும். உண்மையில் அது காருக்கு அடியில், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே குறுக்கே ஓடும் எஃகுத் தண்டு. இரு முனைகளும் மடங்கி, படுக்கவைத்த 'ப' வடிவில் இருக்கும். அமெரிக்கர்களுக்கு ஸ்வே பார், பிரிட்டிஷாருக்கு ஆன்டி-ரோல் பார். சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள ஒர்க்‌ஷாப்பில் ஸ்டெபிலைசர் என்றாலே போதும், புரிந்துகொள்வார்கள். மூன்றும் ஒரே பொருள்தான். 1919இலேயே கனடாவின் ஃபிரெடெரிக்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்மன் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

தண்டின் நடுப்பகுதியை ரப்பர் புஷ் வைத்து வண்டியின் சட்டத்தில் மாட்டியிருப்பார்கள். முனைகள் சிறு கோல்கள் வழியாகச் சக்கரங்களின் பக்கம் இணைந்திருக்கும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்தாற்போல் ஏறினால் தண்டு புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போதுதான் அதற்கு வேலை. வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்கும், உட்பக்க ஸ்பிரிங் நீளும், நடுவில் தண்டு ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்படும். எஃகு அந்த முறுக்கத்தை எதிர்த்துத் திமிறுவதால் வண்டி சாய்வது குறைகிறது. தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 25 மி.மீ. தண்டை எடுத்துவிட்டு, மற்ற அளவுகள் மாறாமல் 30 மி.மீ. தண்டைப் போட்டால் விறைப்பு இரு மடங்கைத் தாண்டிவிடும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது.

சரி, சொற்களுக்கு வருவோம். ஸ்வே என்பதற்குப் பழைய நார்ஸ் மொழியின் ஸ்வேய்கியா என்ற வினையை மூலமாகக் காட்டுவதுண்டு. வளைத்தல் என்று பொருள். இன்றைய ஆங்கிலத்தில் அது இப்படியும் அப்படியும் அசைந்தாடுவதைக் குறிக்கிறது. அதை அப்படியே எடுத்து 'ஆட்டத் தடுப்பு' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும் என்பது என் கருத்து.

தமிழில் "கார் ஆடுது" என்பதும் "கார் சாயுது" என்பதும் வேறு வேறு புகார்கள். பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகும் வண்டி குதித்துக்கொண்டே இருந்தால் அது ஆட்டம். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அப்சார்பர் தேய்ந்திருக்கும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுற்றுப்பாதையில் இறங்கும்போது வெளிப்பக்கமாகச் சரிந்து, வளைவு முடியும்வரை அப்படியே நின்றால் அது சாய்வு. தண்டு எதிர்ப்பது இரண்டாவதை மட்டும்தான். முதலாவதைச் சில இடங்களில் அதுவே கூட்டிவிடும். ஜொகூரின் செம்பனைத் தோட்டப் பாதை ஒன்றில் போகிறீர்கள் என்று வையுங்கள். இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறுகிறது. தண்டு வலது சக்கரத்தையும் மேலே இழுக்கப் பார்க்கிறது. வண்டியின் உடல் ஒரு பக்கமாக வெட்டித் தள்ளுகிறது, உள்ளே இருப்பவர் தலை கண்ணாடியில் இடிக்கிறது. அப்புறம் வலது சக்கரம் ஏறும், தலை மறுபக்கம் போகும். ஸ்வேயைத் தடுக்கிறது என்று பெயர் வாங்கிய தண்டுதான் அங்கே ஆட்டிவைக்கிறது.

காட்டுப் பாதைக்காக அடிப்பகுதியைத் தரையிலிருந்து மேலே தூக்கி அமைத்த, அதாவது உயர்த்திய வண்டிகளில் இந்தத் தண்டு இவ்வளவு பேசப்படுவதற்கும் இதுதான் காரணம். சுசுகி ஜிம்னி, ஜீப் ரேங்ளர் போன்று முன்னும் பின்னும் முழு அச்சு (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) உள்ள வண்டியை 2 அங்குலம் உயர்த்தினால் எடைமையம் மேலே போகிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது அந்த அளவுக்கு மேலே வருவதில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி கூடக் கூட, அதே வளைவில் அதே வேகத்தில் சாய்க்கும் விசையும் கூடும். அதாவது உயர்த்திய வண்டிக்குச் சாலையில் தண்டு முன்னைவிட அதிகம் தேவை. காட்டுப் பாதையிலோ அதே தண்டு சக்கரங்கள் மேலும் கீழும் தாராளமாகப் போவதைத் தடுக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதற்குப் பிடிமானம் கிடையாது.

இதற்குத் தீர்வு, தேவைப்படும் இடத்தில் முன்தண்டை அவிழ்த்துவிடுவது. 2007 மாடல் ரேங்ளர் ரூபிகானில் இதற்கென்று ஒரு பொத்தானே வந்தது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ.யைத் தாண்டினால் தண்டு தானாகவே மறுபடியும் பூட்டிக்கொள்ளும். டொயோட்டா தன் கேடிஎஸ்எஸ் அமைப்பில் ஹைட்ராலிக் உருளைகளை வைத்து இந்த வேலையைச் செய்தது. கையால் கழற்றும் வகை வைத்திருப்பவர்கள், 110 கி.மீ. வேக வரம்புள்ள மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பும் வழியில் கடற்பாலத்தில் வரிசையில் நிற்கும்போது ஞாபகம் வந்து பயனில்லை. வண்டியை உயர்த்துவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? நிலைப்படுத்தி நல்ல சொல். ஸ்டெபிலைசருக்கு வேரான லத்தீன் சொல்லும் நிற்பதைக் குறிப்பதுதான், நம் 'நிலை'யும் 'நில்'லிலிருந்து வந்ததுதான். ஆனால் வீட்டு மின்சாரத்துக்கு வைக்கும் கருவிக்கும் அதே பெயர் இருக்கிறது. 'உருளல் எதிர்ப்பு' என்பது ஆன்டி-ரோலின் நேர்ப்பெயர்ப்பு. "கார் உருண்டது" என்றால் தமிழில் கவிழ்ந்துபோனது என்று அர்த்தம், அதனால் அதுவும் வேண்டாம். தலைக்கு மேலே வளைத்து வைக்கும் ரோல் பார் வேறு இருக்கிறது. அதுதான் வண்டி உருண்டால் காப்பாற்றுவது.

என் தேர்வு சாய்வெதிர்ப்புத் தண்டு. தடுப்பு என்று சொல்லாததற்குக் காரணம், அது சாய்வை முழுக்க நிறுத்துவதில்லை, எதிர்த்துக் குறைக்கத்தான் செய்கிறது. கம்பி என்றால் மெல்லியதாகத் தோன்றும், அதனால் தண்டு. பன்ஹார்ட் தண்டோடு மட்டும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது, வண்டியை உயர்த்தினால் அச்சு ஒரு பக்கமாகத் தள்ளிப்போய் நிற்பதும் அதனால்தான்.

முனையில் இருக்கும் சிறு கோலை இணைப்புக்கோல் எனலாம், ஒர்க்‌ஷாப்பில் ஸ்டெபிலைசர் லிங்க். மெதுவாக வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்று கேட்டால் முதலில் அதைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மூட்டில் தளர்வு இருந்தால் கையிலேயே தெரியும். உயர்த்திய வண்டிக்கு மாற்றுக்கோல் வாங்கும்போது எத்தனை அங்குலம் உயர்த்தியது என்று சொல்லி, நீளமானதாகக் கேளுங்கள். பழைய நீளத்தையே மாட்டினால் தண்டின் கைகள் கீழ்நோக்கி இழுபட்டு நிற்கும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது அவை ஸ்டியரிங் கோலில் இடிக்கவும் கூடும்.