கரிம ஒளியுணரி: ஒரு சொல் விளக்கம்

'நியர் இன்ஃப்ராரெட் ஆர்கானிக் சென்சார்' என்ற ஒளியை உணரும் கருவியைத் தமிழில் 'அண்மை அகச்சிவப்புக் கரிம ஒளியுணரி' எனலாம். அதன் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 'ஆர்கானிக்' என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது இயற்கை வேளாண்மைதான். அந்தப் பழக்கத்தில் 'ஆர்கானிக் சென்சார்' என்பதை 'இயற்கை உணரி' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். 'உயிரி உணரி' என்பதும் பொருந்தாது. அது 'பயோசென்சார்' என்னும் வேறொரு கருவி.

'ஆர்கானிக்' என்பதன் வேர் 'ஆர்கனான்' என்ற கிரேக்கச் சொல். முதலில் கருவியையும் பிறகு உடலுறுப்பையும் குறித்தது. உயிர்களிடமிருந்து மட்டுமே கிடைக்கும் என்று நம்பப்பட்ட பொருள்களுக்கு வேதியியலார் இந்தப் பெயரை வைத்தார்கள். 1828-இல் ஃபிரெட்ரிக் வோலர் யூரியாவை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டிய பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. காலப்போக்கில் அந்தச் சொல் கார்பன் சேர்மங்களைக் குறிப்பதாகிவிட்டது. தமிழோ கரியிலிருந்தே 'கரிம' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. மூலச்சொல்லைவிட இதுவே தெளிவு என்பேன்.

வழக்கமான ஒளியுணரியில் சிலிக்கான் செய்யும் வேலையை இந்த உணரியில் கார்பன் சங்கிலிகளாலான பாலிமரோ சிறு மூலக்கூறுகளோ செய்கின்றன. ஒளி பட்டதும் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் ஒன்றையொன்று பிடித்தபடி இணையாகத் தோன்றும். அவற்றைப் பிரிப்பதற்காகவே எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளையும் ஏற்கும் பொருளையும் கலந்து வைக்கிறார்கள். பிரிந்தால்தான் மின்னோட்டம். இந்தக் கலவையை மை போலக் கரைத்து, வளையும் பிளாஸ்டிக் மேல் பூசலாம். சிலிக்கானின் பார்வை சுமார் 1100 நானோமீட்டர் அலைநீளத்தோடு முடிந்துவிடும். மூலக்கூறின் அமைப்பை மாற்றிக் கரிமப் பொருளை அதற்கு அப்பாலும் உணரச் செய்யலாம். ஆனால் அப்படி நீட்ட நீட்ட, ஒளியே இல்லாதபோதும் கசியும் இருள் மின்னோட்டம் கூடும். அதுதான் பெரிய தலைவலி.

சரி, 'அகச்சிவப்பு'? வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் வெப்பமானியை வைத்து, சிவப்பைத் தாண்டிய கதிரைக் கண்டறிந்தார். 'இன்ஃப்ரா' என்றால் லத்தீனில் கீழே. சிவப்பைவிடக் குறைந்த அதிர்வெண் என்று கொள்ளலாம். இலங்கைப் பாடநூல்களின் 'செந்நிறக்கீழ்' இதை அப்படியே சொல்கிறது. நம் 'அகம்', 'புற ஊதா'வுக்கு இணையாக வந்தது. வானவில்லிலோ சிவப்புதான் வெளி விளிம்பு; அகச்சிவப்பு அதற்கும் வெளியே விழும்! ஆனாலும் அகம், புறம் என்ற இணை நாவில் ஊறியது. அதை மாற்றத் தேவையில்லை.

'அண்மை' என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பக்கத்திலுள்ள பொருளை உணர்வது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அண்மையான அலைநீளம், அவ்வளவுதான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பயன்படுத்தும் 940 நானோமீட்டர் ஒளி இந்த வகைதான்.

'உணரி'யில் சிக்கலே இல்லை. கொல்வது கொல்லி, உணர்வது உணரி. முழுப்பெயர் வேண்டுமானால் 'அண்மை அகச்சிவப்புக் கரிம ஒளியுணரி' என்று ஒருமுறை எழுதிவிட்டு, அப்புறம் 'கரிம ஒளியுணரி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.