சிரைவழி: ஒரு சொல் பட்ட பாடு

கோவையில் ஒரு மருத்துவமனைக்கு மருந்துச் சோதனையின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். தாறுமாறாகும் இதயத் துடிப்பைச் சீராக்கும் ஊசி மருந்து. ‘சிரைவழி செலுத்தப்படும்’ என்று எழுதியிருந்தேன். கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து வந்த பெரியவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நர்ஸைக் கேட்டார்: “ஏனுங் அம்மிணி, நெஞ்சுல செரைச்சுட்டுத்தான் மருந்து ஏத்துவீங்களா?”

“இல்லீங்கய்யா, நரம்பு ஊசிங்க.”

“அப்படிச் சொல்லுங்க.”

அவர் கேட்டதில் தப்பில்லை. ஈசிஜி ஒட்டுவதற்காகச் சிலருக்கு நெஞ்சு முடியை மழிப்பதும் உண்டு.

ஆங்கிலத்தின் ‘இன்ட்ராவீனஸ்’தான் தமிழில் சிரைவழி. இன்ட்ரா என்றால் உள்ளே. வீனஸ் வந்தது ‘வேனா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. அதற்குத்தான் நம் பாடநூல்களில் சிரை. வடமொழி ‘சிரா’ தமிழுக்கு வந்த வடிவம் அது. சவரத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. தமனி இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும், சிரை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும். இதய மருந்தைக் கையில் ஏற்றுவதன் சூட்சுமம் இந்தத் திசையில்தான் இருக்கிறது. துடிப்பைச் சீராக்கும் அடினோசின் என்ற மருந்துக்கு ரத்தத்தில் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், 10 நொடிகூடக் கிடையாது. முழங்கை மடிப்பில் சட்டென்று ஏற்றி, பின்னாலேயே சலைனையும் வேகமாகத் தள்ளுவார்கள். மெதுவாக ஏற்றினால் இதயம் போய்ச் சேர்வதற்குள் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், நரம்பு. படித்தவர்கள் இதைப் பாமரர் பிழை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதியவளை ‘நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்’ என்கிறார். வற்றிய தோளில் புடைத்துத் தெரிவதைத்தான் அவர் நரம்பு என்கிறார். நர்ஸ் கையைத் தட்டித் தட்டித் தேடுவதும் அப்படிப் புடைப்பதைத்தானே! யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். மூளையிலிருந்து கிளம்பும் இழைக்கு மட்டும் அதை ஒதுக்கியது பிற்காலக் கலைச்சொல் ஏற்பாடு.

சரி, படிவத்திலும் நரம்பு என்றே போட்டுவிடலாமா? ஆசைதான். ஆனால் துடிப்பைச் சீராக்க வந்த மருந்தே சில வேளை துடிப்பைக் குலைக்கும். அதனால் பக்கவிளைவுகளைப் படிவத்தில் விரிவாகச் சொல்லியாக வேண்டும். என் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ‘நரம்புப் பாதிப்பு’ என்று இன்னொரு வரி இருந்தது. அங்கே நரம்பு வேறு. ஊசி போட்ட இடம் வீங்குவதைத்தான் சொல்கிறார்கள் என்று பெரியவர் எடுத்துக்கொண்டால்?

கடைசியில் ‘கையிலுள்ள ரத்தக்குழாயில் ஊசி மூலம்’ என்று மாற்றினேன். நீளம்தான், ஆனால் யாரும் சவரக்கத்தியை நினைக்க மாட்டார்கள். மருத்துவருக்கான தாளில் சிரைவழி அப்படியே இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தில் சொல் மாறினால் நெறிமுறைக் குழு மறுபடி பார்த்தாக வேண்டும், அனுப்பியாயிற்று.