அப்பா ஓட்டிய காருக்குப் புது பேட்டரி மாட்டுவதற்கு முன்

சென்ற மாதம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் இறக்கினார்கள். முன்பக்கம் முழுக்கக் கரி. ஒயரிங் உருகி டேஷ்போர்டு வரை போயிருந்தது. அப்பாவுக்குச் சதாபிஷேகமாம். அவர் ஆசையாக ஓட்டிய காரிலேயே அவரைக் கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று மகனுக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் செய்தது என்ன? இருபது வருடத்துக்கு மேல் ஷெட்டில் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி, தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிவந்து, கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் ஊற்றி, செல்ஃப் அடித்திருக்கிறார்கள். பேக்ஃபயர் ஆகித் தீ மேலே வந்தது. பாட்டில் இன்னும் கையில்தான் இருந்திருக்கிறது. ஊற்றிய பையனுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது.

வண்டியை நான் சரிசெய்துவிடுவேன். அந்தக் கையை என்ன செய்வது?

இதுபோல வருவது இது முதல் தடவை இல்லை. தீ பிடிக்காத வண்டிகள் பிரேக் பிடிக்காமல் கேட்டில் மோதி வருகின்றன. கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "நிறுத்தும்போது நல்லா ஓடிட்டுதாங்க இருந்துச்சு." இந்த வரியைக் கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கு மட்டும் வேலை பார்க்கும் பட்டறை என்னுடையது. வருகிறவர்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்கள் இல்லை. வீட்டில் ஒரு வண்டி இருக்கும், அதோடு ஒரு கதை இருக்கும். அதுவும் ஊரே வைத்திருந்த அம்பாசிடராகவோ பத்மினியாகவோ இல்லாமல், தெருவில் ஒருவர் மட்டும் வைத்திருந்த வண்டி என்றால் அந்தக் கதைக்குத் தனிச் சுவை. எனக்கும் அந்த மாதிரி வண்டிகள்தான் உயிர்.

ஹெரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த வண்டி, 1961இல் வந்தது. வடிவமைத்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமாக முன்னோக்கிச் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து டியூனிங் செய்யலாம். குனிந்து குனிந்தே முதுகு போன என்னைப் போன்றவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஒப்பணக்கார வீதி நெரிசலில் என் ஹெரால்டை ஒரே வெட்டில் திருப்பும்போது ஆட்டோக்காரர்களே நின்று பார்ப்பார்கள்.

சிபானி டால்ஃபினும் வைத்திருந்தேன். பெங்களூரில் 1982இல் வந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை வைத்துச் செய்தது. இரண்டே கதவு, 848 சிசி இன்ஜின், ஃபைபர் உடம்பு. கதவைச் சாத்தினால் பெட்டி மூடுகிற மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம். பார்க்கிறவர்கள் பிளாஸ்டிக் வண்டி என்று கேலி செய்வார்கள். ஆனால் எடை குறைவு என்பதால் அது பிய்த்துக்கொண்டு போகும். ராலிக்காரர்கள் அதைத் தேடித் தேடி வாங்கிய காலம் உண்டு. துருப்பிடிக்காத உடம்பு என்பதை நம்பி அதை மழையில் நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபைபர் துருப்பிடிக்காது, அடியில் இருக்கும் இரும்புச் சட்டமான சேஸி துருப்பிடிக்கும். மேலே பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்கி, ஜாக்கி வைத்ததும் சேஸிக்குள் ஜாக்கி புகுந்த டால்ஃபினைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஸ்டாண்டர்டு 2000. 1985இல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பில் வந்த பெரிய வண்டி, உள்ளே இருந்ததோ ஸ்டாண்டர்டு வேன்கார்டு என்ற பழைய காரின் வம்சத்தில் வந்த இரண்டு லிட்டர் இன்ஜின். சில வருடங்களிலேயே நின்றுபோனது. அதை இன்னும் வைத்திருக்கும் ஒரு டாக்டர் எனக்கு வாடிக்கையாளர். பின்கண்ணாடி உடைந்தால் வேறு கிடைக்காது என்பதால் பின்கதவை அவரே திறப்பார், அவரே சாத்துவார், யாரையும் தொட விடமாட்டார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஓடாத வண்டி தேயாது என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் இருக்கிறது. "பத்தாயிரம் கிலோமீட்டர்தாங்க ஓடியிருக்கு, முப்பது வருஷமா மூடியே வெச்சிருக்கோம், புதுசு மாதிரி" என்பார்கள். எனக்கு இதைவிட எரிச்சல் தருகிற வாக்கியம் வேறு இல்லை. தினமும் ஓடி மூன்று லட்சம் கிலோமீட்டர் பார்த்த டாக்ஸி இன்ஜினை நான் தைரியமாக ஸ்டார்ட் செய்வேன். முப்பது வருடம் மூடி வைத்த இன்ஜினில் சாவியைக்கூடப் போட மாட்டேன். ஓடுகிற வண்டி தேய்கிறது, உண்மைதான். நிற்கிற வண்டி அழுகுகிறது. தேய்ந்ததை லேத்தில் கொடுத்துச் சரிசெய்யலாம். அழுகியதைப் பல நேரம் மாற்றத்தான் வேண்டும், மாற்றப் பொருள் கிடைக்காது.

எப்படி என்கிறீர்களா? இன்ஜின் நின்ற சில நாளில் சிலிண்டர் சுவரிலிருந்து ஆயில் வழிந்து கீழே போய்விடும். நாலு சிலிண்டரில் ஏதோ ஒன்றில் வால்வு திறந்தபடிதான் நின்றிருக்கும். அதன் வழியே ஈரக்காற்று போகும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் சேர்ந்து துருவேறி ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் புது பேட்டரி போட்டுச் செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், சுவர் கீறும். கிளச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் உள்ளுக்குள் சேறாகும். டால்ஃபின் மாதிரி அலுமினிய இன்ஜின் என்றால் பிளாக்கையே அரித்துவிடும். ஒரே இடத்தில் எடையைத் தாங்கி நின்ற டயர் அடியில் தட்டையாகிப் பக்கவாட்டில் வெடிப்பு விடும். டயர் பட்டன், அதாவது ரோட்டில் படும் வரிப்பள்ளம், ஆழமாக இருக்கிறது என்று காட்டுவார்கள். பட்டனைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள்: முதல் இரண்டும் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். அந்த நாலு இலக்கமே இல்லை என்றால் டயர் 2000க்கு முந்தையது. ஒரு வார்த்தை பேசாமல் கழற்றிப் போடுங்கள்.

இதைச் சொன்னதும் சிலர் பெருமையாக, "நாங்க வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணிடுவோங்க" என்பார்கள். அதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூடாகாது. உள்ளே உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். செல்ஃப் எடுத்த கரன்டைப் பழைய டைனமோ அந்த ஐந்து நிமிடத்தில் திருப்பித் தராது. ஓட்டுவதானால் மாதம் இரண்டு முறை, அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள். முடியாது என்றால் ஸ்டார்ட்டே செய்யாமல் முறையாக நிறுத்தி வையுங்கள். மூடிய ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓட விடுவதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? புகை ஆளைக் கொல்லும்.

பிரேக்குக்கு வருவோம், ஏனென்றால் எனக்கு உண்மையில் பயம் அங்கேதான். அந்த ஹெரால்டின் பின் வீல் சிலிண்டரைக் கழற்றி வெள்ளைத் துணிமேல் வைத்து அந்தக் குடும்பத்துக்குக் காட்டினேன். ரப்பர் பூட்டை உரித்ததும் காப்பி டிகாஷன் நிறத்தில் ஒரு கெட்டிக் குழம்பு வந்தது. அதுதான் பிரேக் ஆயில். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். பிஸ்டன் அசையவே இல்லை; வைஸில் பிடித்துத் தட்டித்தான் எடுத்தேன். சிலிண்டரின் உட்சுவரில் விரலை விட்டால் நகத்தில் குழிகள் தட்டுப்பட்டன. பெரியவரே விரலை விட்டுப் பார்த்தார். அந்த வண்டி அன்று தீப்பிடிக்காமல் ஸ்டார்ட் ஆகியிருந்தால் இந்த பிரேக்கை நம்பித்தான் எண்பது வயதுக்காரரை உட்கார வைத்து ரோட்டுக்கு வந்திருப்பார்கள். மூன்று சக்கரம் பிடிக்காது, ஒன்று மட்டும் பிடித்து வண்டியை இழுக்கும். மிதித்துப் பார்த்தோம், கெட்டியாகத்தானே இருந்தது என்றார்கள். பிஸ்டன் ஒட்டிக்கொண்டால் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும்!

எங்கள் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். டிரம்மைத் திறந்து ஏர் அடித்துத் தூசி பறக்க விடாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள், முகமூடி போடுங்கள், வேலை கற்க வந்த சின்னப் பையனைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

இப்போது பெட்ரோல். பழைய பெட்ரோல் டாங்கில் வார்னிஷ் வாடை அடிக்கும், கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். அதைவிட ஆபத்து புது பெட்ரோல். இந்த வண்டிகள் வந்த காலத்து பெட்ரோல் வேறு. ஈயம் கலந்தது 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ராமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊதி, இளகி, ஒருநாள் புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு குழாய் மேலேயே சொட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸ் கடையில் கிடைக்கிறது, மீட்டருக்குச் சில நூறு ரூபாய். அதைக்கூட மாற்றாமல் பெயின்டுக்கு லட்சம் செலவு செய்கிறவர்களைப் பார்த்தால் கை பரபரக்கிறது.

ஆகவே, நெடுநாள் நின்ற வண்டியை எழுப்ப நினைத்தால், தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பேட்டரி கடைசியில்தான். முதலில் டாங்கைக் காலி செய்து கழுவுங்கள். ஹோஸ் எல்லாம் மாற்றுங்கள், ஃபில்டர் ஒன்று போடுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். ஹேண்டில் போடும் வண்டி என்றால் ஹேண்டில், இல்லாவிட்டால் கிராங்க் புல்லியில் ஸ்பேனர். சுற்றவில்லையா, அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஷெட்டில் நின்ற வண்டிக்குள் பாம்பும் இருக்கும், வெறுங்கையை விடாதீர்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், எந்தப் பெரிய மெக்கானிக் சொன்னாலும் சரி. பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வாளித் தண்ணீர் பெட்ரோல் தீயைப் பரப்பத்தான் செய்யும். வண்டிக்கு அடியில் போவதானால் ஸ்டாண்டு போட்டுப் போங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தி அடியில் படுக்கிறவர்களை நான் என் பட்டறையிலிருந்து அனுப்பிவிடுவேன். பிரேக் முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

ஹெரால்டு ஓட்டப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் பின் ஆக்சில் மற்ற கார்கள் மாதிரி இல்லை. வேகமாக வளைவில் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுழலும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஹெரால்டுக்குப் பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கசெல் காரில் இந்தத் தொல்லை இல்லை, ஆக்சிலையே மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவோ தாத்தாவோ இருக்கும்போதே அவரை வண்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச விடுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். காலையில் சோக் எவ்வளவு இழுப்பார், எந்த கியர் முரண்டு பிடிக்கும், எந்தக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும், இன்ஜினை எந்த ஊரில் யார் பிரித்தார்கள். என் டால்ஃபினை விற்றவர் ஒரு மத்தியானம் முழுக்க இதையெல்லாம் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. கழற்றிய ஒரிஜினல் சாமான்களையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். உடைந்த லைட் கண்ணாடி, வளைந்த பம்பர், கதவு பீடிங், எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வண்டியோடு வையுங்கள். சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். ஸ்டாண்டர்டு 2000 பின்கண்ணாடி கேட்டுப் போய்ப் பாருங்கள்.

கடைசியாகப் பேப்பர் வேலை. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முப்பது வருடம் கழித்து வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிற குடும்பங்கள் என்னிடம் வந்து அழுகின்றன. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டி என்றால் 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அந்தப் பதிவை வாங்கிவிட்டு தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் இல்லாமல் "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாங்க" என்று என்னிடம் யாரும் வராதீர்கள். பாலிசியைக் காட்டினால்தான் சாவியைத் தருவேன்.