பிரிக்காத மாத்திரை அட்டை

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு யாரும் வந்ததாக நினைவில்லை. "உடம்பெல்லாம் அசதி, தலை பாரமா இருக்கு, தூக்கமே இல்ல, ஒரு ஊசி போடுங்க சிஸ்டர்" என்றுதான் வருவார்கள். அதற்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கலாம்.

ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை. போன மாதம் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. வாசலில் கோலம் இல்லை. காலையில் போட்ட சோறு தட்டில் காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டார் காதில் விழாதபடி உள்ளே உட்கார்ந்து, பி.பி. பார்க்கிற சாக்கில் மெதுவாகக் கேட்டேன்: "ரெண்டு வாரமா மனசு பாரமா இருக்காம்மா? முன்ன பிடிச்ச வேலை எதுலயாவது ஆர்வம் இருக்கா?"

"டிவிகூடப் போடறதில்ல சிஸ்டர்" என்றவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம்தான் கஷ்டமான கேள்வி. "செத்துடலாம்னு தோணுதாம்மா?" இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று செவிலியர்களே பயப்படுகிறோம். அப்படி ஆகாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம். அவரும் தலையாட்டினார். மகனை வரவழைத்து, வீட்டிலிருந்த பூச்சிமருந்தை அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொன்னேன். அவரைத் தனியாக விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

மனச்சோர்வு மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி உடனே கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் "ஒண்ணும் கேக்கல", "பழகிப்போயிடுமாம்" என்று நிறுத்திவிடுகிறார்கள். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. எங்கள் வேலையில் பெரிய பங்கு அந்த முதல் வாரங்கள்தான். வீட்டுக்குப் போய் அட்டையைப் பார்ப்பது, "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்வது.

பிரசவமான பெண்களையும் விட்டுவிடாதீர்கள். குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்று ஒருத்தி சொன்னால், அது திமிர் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அது அரசின் மனநல உதவித் தொலைபேசி. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அந்த அம்மா வீட்டுக்கு இந்த வாரமும் போனேன். அட்டையில் எட்டு மாத்திரை குறைந்திருந்தது.